வெளியே நிற்கும் ஆள்

ஜனவரி 12

என் வீட்டுக்காரிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். சாப்பாடு, தூக்கம் எதற்கும் குறைவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "அது கிடக்கு" என்பாய். ஆனாலும் கேட்கிறேன்.

போனில் பேசவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் தங்கும் கொட்டகை முழுவதற்கும் ஒரே போன். நாலு வார்த்தை பேசுவதற்குள் பின்னால் நிற்பவன் தோளைத் தட்டுகிறான். தட்டாதவன் காதைக் கொடுத்துக் கேட்கிறான். அதற்கு எழுதுவதே மேல்.

இந்த முறை வெல்டிங் வேலை கப்பலின் அடிவயிற்றில். தண்ணீர்த் தொட்டிகள் ஒன்றையொட்டி ஒன்றாக இருக்கின்றன. ஆள் இறங்க மேலே ஒரு வட்டத் துளை, அவ்வளவுதான். உள்ளே போனால் நிமிர முடியாது. பக்கத்துத் தொட்டியில் வேலை செய்பவனுக்குக் கொட்டகையிலும் எனக்குப் பக்கத்துக் கட்டில். பாட்டுக்காரன் என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். முகத்தில் ஷீல்டைக் கவிழ்த்த உடனே பாட்டு ஆரம்பித்துவிடும். எரிகிற ராடு தீர்ந்தால் நிற்கும். புது ராடு மாட்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். குரல் என்னவோ தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரிதான். ஆனாலும் இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருக்கிறான் என்பது ஒரு தெம்பு.

பட்டறையை மீசைக்காரருக்கு வாடகைக்கு விட்டது நல்ல காரியம். பூட்டிக் கிடந்தால் மெஷின் பாழாகிவிடும். அவரிடம் சில விஷயம் சொல்லிவிடு. ராடு மாட்டுகிற ஹோல்டரின் பிடியில் விரிசல் இருக்கிறது, உள்ளே செம்பு தெரிகிறது. நான் டேப் சுற்றி வைத்திருக்கிறேன், அதை நம்பவேண்டாம், புதிது வாங்கட்டும். எர்த் கிளாம்பை வெல்டு செய்கிற சாமானிலேயே கவ்வ வைக்கவேண்டும். ஷட்டர் சட்டத்தில் கவ்வ வைத்துவிட்டு ஒப்பேற்றுகிற வேலையெல்லாம் கூடாது. பெயிண்ட், தின்னர் டின்கள் பட்டறைக்குள் இருக்கவே கூடாது.

என் அக்காவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 3

என் வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். முதுகுவலி அது கிடக்கு.

புது ஹோல்டர் வாங்கியாயிற்று. பழையதைத் தூக்கி எறிய மனமில்லாமல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். டின்களையெல்லாம் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மீசைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய கேட் ஒப்புக்கொண்டார். இரண்டு கதவில் ஒன்று முடிந்து மாட்டியாகிவிட்டது. இன்னொன்று பட்டறையில் படுத்திருக்கிறது.

ஒரு சந்தேகம். ஷீல்டை முகத்துக்குக் கொண்டுவருவதற்குள் ராடு பட்டுப் பற்றிக்கொள்கிறதாம். பகல் முழுக்க அப்படி நாலைந்து தடவை ஆகிவிட்டது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. படுத்த பிறகுதான் ஆரம்பித்தது. கண்ணில் மணலை அள்ளிக் கொட்டித் தேய்த்த மாதிரி. கண்ணைத் திறந்தாலும் எரிகிறது, மூடினாலும் எரிகிறது. விடிகிறவரை தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரோ பாலை ஊற்றச் சொன்னார்கள். ஊற்றலாமா? பார்வை போய்விடுமா? இதை உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. அக்கா வாரம் ஒரு தடவை வந்து போகிறார். காது மந்தமாகிக்கொண்டே போகிறது. நான் ஒன்று சொன்னால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார். அதனால் பேச்சு எங்குமே தட்டாமல் நன்றாக நடக்கிறது. மற்ற நாள்களில் ரேடியோ. இப்போதெல்லாம் செய்தி வாசிக்கிறவருக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

பாட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்லுங்கள். என்ன பாட்டு பாடுவார்?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 20

என் வீட்டுக்காரிக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

முதலில் மீசைக்காரர் கண். அதற்குக் கண்ணில் வெல்டிங் அடிப்பது என்று பெயர். வெயிலில் தோல் காந்துகிற மாதிரி கண் காந்திவிடும். பாலும் வேண்டாம், நாட்டு வைத்தியமும் வேண்டாம், கசக்கவும் கூடாது. இருட்டறையில் ஈரத்துணியை மூடிய கண்மேல் போட்டுப் படுக்கட்டும். மறுநாளே கண் டாக்டரிடம் காட்டட்டும். பொதுவாக இரண்டு நாளில் தணிந்துவிடும். ஆனால் அடிக்கடி அடித்தால் கண் கெட்டுப்போகும். ஷீல்டை இறக்கிவிட்டுத்தான் ராடைத் தொடவேண்டும், ராடைத் தொட்டுவிட்டு ஷீல்டை இறக்கக்கூடாது. தலையில் மாட்டுகிற ஷீல்டு ஒன்று வாங்கச் சொல், கை மிச்சமாகும். என் பழைய ஷீல்டின் கறுப்புக் கண்ணாடியில் முடி அளவு கீறல் இருந்தாலும் மாற்றிவிடவேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் அடிக்கும். ஆகவே ஒரு திரை கட்டட்டும். மத்தியானம் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறாய் என்றால் நீயும் அந்தப் பக்கம் பார்க்காதே.

படுத்த பிறகு ஆரம்பித்தது, விடிகிறவரை தண்ணீர் கொட்டியது என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்? சும்மாதான் கேட்கிறேன்.

பாட்டுக்காரனிடம் உன் கேள்வியைக் கேட்டேன். "அண்ணிகிட்ட சொல்லுங்க, எந்தப் பாட்டு தெரியுமோ அதைத் தவிர எல்லாம் பாடுவேன்" என்கிறான். உள்ளே சூடு தாங்கவில்லை. வெளியே வந்தால் சட்டையைப் பிழிந்து காயப்போடவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 15

என் வீட்டுக்காரருக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகம் அறிய ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினால் சினிமா வசனம் போல் இருக்கிறது, ஆனால் விஷயம் அதுதான்.

கண் சரியாகிவிட்டது. படுத்த பிறகு நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவரே வந்து சொன்னார், போதுமா? பொறாமைப்படுகிற வயசா இது?

பள்ளிக்கூடக் கேட் முடிந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தையல்கடைக்காரர் ஒரு படிக்கட்டுக் கைப்பிடி கேட்டார். அதற்குத் துத்தநாகம் பூசிய குழாய். வெல்டு செய்யும்போது வெள்ளையாகப் புகை வந்தது. கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம் வாயெல்லாம் தித்திப்பு, பிறகு குளிர் ஜுரம், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. காலையில் விட்டுவிட்டது. இது எதனால்?

இன்னொன்று, நைலான் துணி போட்டுக்கொண்டு வேலை செய்யலாமா? ஒரு பொறி பட்டு உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. சின்னக் காயம்தான். உங்கள் பழைய பருத்திச் சட்டைகள் பெட்டியில் சும்மா கிடந்தன. அவற்றை எடுத்து உபயோகத்துக்குக் கொடுத்துவிட்டேன். கை கொஞ்சம் நீளம், மடிக்காமல் பொத்தான் போட்டால் மணிக்கட்டுவரை நன்றாக மூடுகிறது.

பாட்டுக்காரர் புதிதாக என்ன பாடுகிறார்? கொட்டகையில் நீங்கள் ஒருவரோடு ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 22

என் வீட்டுக்காரருக்கு,

இதற்கு முந்தின கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்துபோய்விட்டதோ என்று அதையே திரும்ப எழுதலாமா என யோசித்தேன். உடம்பு சரியாகத்தானே இருக்கிறது? சட்டையைப் பற்றிக் கோபமா?

போன் செய்து பார்த்தேன். எடுத்தவர், "அவரு நல்லாத்தான் இருக்காரும்மா, கூப்பிட்டா வரமாட்டேங்கறாரு" என்றார். நல்லாத்தான் இருக்கிறவர் ஏன் வரமாட்டேன் என்கிறார்?

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. பட்டறைக் கூரையில் மெஷினுக்கு நேர் மேலே ஒழுகியது. ஏணி போட்டு நானே தகரத்தைத் திருப்பி வைத்தேன். அக்கா கீழே நின்று, "ஏணியைப் பிடிக்கவா?" என்று கேட்டார். "பிடிங்க" என்றேன். "சரி, அப்ப நான் போறேன்" என்று போய்விட்டார்.

இரண்டு வரி போதும். எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்


மே 6

என் வீட்டுக்காரிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம். அதனால் எழுதவில்லை.

துத்தநாகக் குழாயின் பூச்சை வெல்டு செய்கிற இடத்தில் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பற்றவைக்கவேண்டும். கதவைத் திறந்து வைக்கவேண்டும். புகையில் முகத்தை வைக்கக்கூடாது. மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நைலான் கூடாது.

மழை என்று எழுதியிருக்கிறாய். மீசைக்காரரிடம் நன்றாகச் சொல். தரை ஈரமாக இருந்தால் வேலை வேண்டாம். காய்ந்த மரப்பலகைமேல் நின்றுதான் செய்யவேண்டும். கையுறை நனைந்தால், வியர்வையில் நனைந்தாலும் சரி, கழற்றிவிட்டு வேறு போடவேண்டும். ராடு மாற்றும்போதுதான் ஆள் அசந்துபோகிறான். பற்றாமல் இருக்கும்போதும் ஹோல்டரில் கரண்ட் இருக்கிறது. நெருப்பு இல்லையே என்று நினைத்துக்கொள்வான். ஹோல்டரைக் கக்கத்தில் இடுக்கக்கூடாது. கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்ளக்கூடாது. இரும்பில் சாய்ந்து உட்காரக்கூடாது. சாய்ந்து உட்காரவே கூடாது என்று சொல்.

நான் இப்போது கொஞ்ச நாளாகத் தீயணைப்பு சிலிண்டரோடு உட்காருகிற வேலையில் இருக்கிறேன். மற்றவர்கள் வெல்டு செய்யும்போது பொறி எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும். அவர்கள் முடித்துவிட்டுப் போன பிறகும் உட்கார்ந்திருக்கவேண்டும். கந்தல் துணிக்குள் புகுந்த பொறி ஒரு மணி நேரம் கழித்துக்கூட எழுந்திருக்கும். ஆள் குறைவு என்று என்னைப் போட்டிருக்கிறார்கள்.

வேறு ஒன்றுமில்லை.

உன் வீட்டுக்காரன்


மே 28

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் பலதடவை படித்தேன். நலமா என்று என்னைக் கேட்கவில்லை. பரவாயில்லை, நலம்தான்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். மீசைக்காரர் இல்லை. வந்தது உண்மை, பட்டறையை எடுத்தது உண்மை. ஒரு மாதம் ஆவதற்குள் அவருடைய அண்ணன் பெரிய பட்டறை போட்டிருக்கிறார் என்று கிளம்பிப் போய்விட்டார். கேட்டின் ஒரு கதவுதான் முடிந்திருந்தது. தலைமையாசிரியை வந்து நின்றார். "ஒத்தக் கதவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மணி அடிச்சா பிள்ளைங்க நேரா ரோட்டுக்கு ஓடுதுங்க" என்றார். ஆள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உங்களுக்கு எத்தனை வருஷம் சாமானைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், சாமான் நகராமல் பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்து நிறுத்தியிருக்கிறேன், வெல்டு மேல் படிந்த கசடு தட்டியிருக்கிறேன். மிச்சத்தையும் செய்து பார்ப்போமே என்று தோன்றிவிட்டது.

கண் எரிந்தது எனக்குத்தான். ஜுரம் வந்தது எனக்குத்தான். சட்டை போட்டிருப்பதும் நான்தான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். பயப்படுவீர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு என்று எழுதினால் நீங்கள் அரைப் பக்கம் எழுதுவீர்கள். மீசைக்காரருக்கு என்று கேட்டால் இரண்டு பக்கம் வந்தது. இதைச் செய், அதைச் செய்யாதே, கண் பத்திரம், கை பத்திரம் என்று அத்தனை அக்கறையாக. அதையெல்லாம் எனக்கு எழுதியதாக வைத்துக்கொண்டு படித்தேன்.

நீங்கள் சொன்னதை எல்லாம் செய்கிறேன். பலகை போட்டிருக்கிறேன், திரை கட்டியிருக்கிறேன், கையுறை மாற்றிப் போட இன்னொரு ஜோடி வைத்திருக்கிறேன். என் வெல்டிங் கோடு இன்னும் கோணல்தான், ஆனால் விட்டுப்போகாது.

பாட்டுக்காரரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 11

கடிதம் கண்டேன்.

கண்ட கையோடு மெயின் சுவிட்சை அணைத்துப் பட்டறையைப் பூட்டு. மெஷினைக் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடு. விலை பேசிக்கொண்டு நிற்காதே. நீ இனிமேல் அதைத் தொடக்கூடாது.

உனக்கு இதில் என்ன தெரியும்? எல்லாம் தெரிந்தவனுக்கே...

விற்றுவிட்டேன் என்று பதில் எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.


ஜூலை 2

என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம் சொல்லாமல் கையெழுத்தும் போடாமல் வந்த கடிதத்துக்கு நான் வணக்கம் சொல்லியே ஆரம்பிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்கவில்லை. விற்கமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போது எனக்கு அன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று, "அக்கா, ஒரு ஜன்னலுக்கு அளவு எடுக்கணும்" என்கிறார்கள். அதற்கு முன்னால் இந்த வீட்டில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தால், உங்களுடைய கடிதம் வரும் நாளுக்கும் வராத நாளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

இப்போது ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. சோப்புக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி அடியில் ஒழுகுகிறது. உள்ளே இறங்கித்தான் அடைக்கவேண்டும். "உள்ள இறங்கினா வெளிய ஒரு ஆள் நிக்கணும், காத்து ஊதணும்" என்று, நீங்கள் முன்பெல்லாம் சொல்வதையே மேஸ்திரியிடம் சொன்னேன். "அதுக்கெல்லாம் ஆள் போட முடியாதும்மா, சின்ன வேலைதானே" என்றார். "அப்ப ஒழுகட்டும்" என்று வந்துவிட்டேன். மறுபடியும் ஆள் அனுப்பினார், சொன்னபடி செய்யலாம் என்று. யார் நிற்பது? அக்கா நிற்கிறேன் என்கிறார். உள்ளேயிருந்து நான் கத்தினால் அவருக்குக் கேட்கவேண்டுமே. அவசரம் இல்லை, வேறு தொட்டியில் சமாளிக்கிறார்கள். தகுந்த ஆள் கிடைக்கிறவரை இறங்கமாட்டேன், பயப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி பாதியில் நிற்கிறது. எல்லாம் தெரிந்தவனுக்கே என்று எழுதி நிறுத்தியிருக்கிறீர்கள். எழுத்தும் முன்போல் இல்லை, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. என்னுடையதை நான் சொல்லிவிட்டேன். பாட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 25

என் வீட்டுக்காரிக்கு,

உன் நலம் கோருகிறேன். போன கடிதத்தை அப்படி எழுதியிருக்கக்கூடாது.

பாட்டுக்காரன் இறந்துவிட்டான். மார்ச் கடைசியில். அன்றைக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டி, புதிதாக என்ன பாடுகிறாய் என்று உன் சார்பில் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனோம்.

அன்று உள்ளே அடுப்புக்குள் இருப்பது போல் இருந்தது. காற்று ஊதுகிற குழாயை வேறு எங்கோ கொண்டுபோயிருந்தார்கள். வெளியே துளை வாயில் நிற்கவேண்டிய ஆளையும் மேற்பார்வையாளர் கேபிள் இழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார். இது எதுவும் உள்ளே இருந்த எங்களுக்குத் தெரியாது. அவன் பாடிக்கொண்டிருந்தான். நான் என் தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்தேன். பாட்டு நின்றது. ராடு மாற்றுகிறான் என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தானே நிற்கும். என் ராடு தீர்ந்தது. இன்னொன்று மாட்டினேன். அதுவும் பாதி போன பிறகுதான், இன்னும் பாட்டு வரவில்லையே என்று உறைத்தது.

சுத்தியலால் சுவரைத் தட்டினேன். பதில் தட்டு வரவில்லை. ஏறி வெளியே வந்தால் துளை வாயில் யாருமில்லை. எட்டிப் பார்த்தேன். சட்டை சொட்டச் சொட்ட நனைந்து, இரும்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஹோல்டர் கழுத்தோரம் கிடந்தது. குதித்துவிடலாம் என்று ஒரு கால் உள்ளே வைத்துவிட்டேன். அப்புறம் எடுத்துவிட்டேன். கரண்டை நிறுத்தாமல் தொட்டால் இரண்டு பேரும் போவோம் என்பது எனக்குப் பாடம் ஆகியிருந்தது. மெஷின் மேல்தளத்தில் இருந்தது. ஏணி ஏறி, ஓடி, அணைத்துவிட்டு, கத்திக்கொண்டே திரும்பி ஓடிவந்தேன். நான் செய்தது சரி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டாக்டரும் சொன்னார், விசாரணைக்கு வந்தவரும் சொன்னார். அந்த ஓட்டம்தான் எனக்கு இன்னும் முடியவில்லை. முதுகைக் காட்டிவிட்டு ஓடினேன் இல்லையா, அது.

கொஞ்ச நாள் எல்லாத் துளை வாயிலும் ஆள் நின்றார்கள். கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டான், பேசமாட்டான், நல்ல பையன்.

அதற்குப் பிறகு நான் ஹோல்டரைப் பிடிக்கவில்லை. எடுத்தால் ராடு மாட்டுவதற்குள் கீழே வைத்துவிடுகிறேன். ஆள் குறைவு என்று எழுதியது பொய். நானாகக் கேட்டுத்தான் சிலிண்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். ஊரெல்லாம் எரிகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரோடும் பேசத் தோன்றவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் அவன் பெயர் வந்துவிடும் என்று உட்காரவில்லை. நீ ஹோல்டரைப் பிடிக்கிறாய் என்று படித்ததும் என் கண்ணுக்கு அந்தத் தொட்டிதான் தெரிந்தது, அதற்குள் நீ.

விடுமுறை கேட்டிருக்கிறேன். கொடுத்துவிடுவார்கள். சோப்புக் கம்பெனித் தொட்டிக்கு நான் வந்து வெளியே நிற்கிறேன். நான் வருகிறவரை இறங்காதே. இறங்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய், தெரியும். இருந்தாலும் இறங்காதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


அக்டோபர் 10

என் வீட்டுக்காரருக்கு,

விடுமுறை முடிந்து போய்ச் சேர்ந்த விவரத்துக்கு எழுதிய அட்டை கிடைத்தது. அங்கே குளிர ஆரம்பித்திருக்கும், போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். முதுகுவலி உண்மையிலேயே கொஞ்சம் இருக்கிறது, இனிமேல் மறைக்கப்போவதில்லை.

நீங்கள் இருந்த நாள்களில் நேரில் சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன். எதிரில் உட்கார்ந்தால் நமக்கு இரண்டு பேருக்கும் வாய் கட்டிக்கொள்கிறது. அக்காகூட, "சண்டையா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். "நானும் அப்படித்தான் நெனச்சேன், சண்டைதான்" என்று போய்விட்டார்.

வந்த மறுநாள் பட்டறையில் நீங்கள் ஹோல்டரை எடுத்ததை நான் பார்த்தேன். ஒரு பொட்டு வைத்தீர்கள். இன்னொன்று வைக்கப் போகும்போது ராடு நுனி இரும்பில் தந்தி அடித்தது. ஷீல்டைத் தூக்கிவிட்டு, "நீ பண்ணு" என்று என்னிடம் நீட்டினீர்கள். நான் வாங்கிக்கொண்டேன். ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கவேண்டுமோ என்று அப்புறம் ரொம்ப நேரம் யோசித்தேன். வாங்கிக்கொண்டதே போதும் என்று இப்போது தோன்றுகிறது.

தொட்டியில் இறங்கிய நாளைப் பற்றி. உள்ளே நீங்கள் என்னைவிட அதிகமாகத் துடைத்தீர்கள், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். பலகை போட்டு, அதன்மேல் ரப்பர் விரித்து, ஊதுகுழாய் வைத்து, மெஷினை உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைத்தீர்கள். மேஸ்திரி, "இவ்வளவு ஆர்ப்பாட்டமா ஒரு ஒழுகலுக்கு?" என்றார். நீங்கள் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் அவரே போய்த் தண்ணீர் வாளி கொண்டுவந்து வைத்தார்.

இறங்கின பிறகு எனக்கு வெளிச்சம் இல்லை. மேலே ஒரு வட்டம், அதில் உங்கள் தலை. ஷீல்டைக் கவிழ்த்ததும் அதுவும் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, உங்களிடம் சொல்லவில்லை. முதல் ராடு தீர்ந்து சத்தம் நின்றது. அந்த நொடியே மேலேயிருந்து, "இருக்கியா?" என்றீர்கள்.

"இருக்கேன்" என்றேன்.

அடுத்தது மாட்டினேன். தீர்ந்தது. "இருக்கியா?" "இருக்கேன்." கையுறை மாற்ற நிறுத்தினேன், "இருக்கியா?" கசடு தட்ட நிறுத்தினேன், "இருக்கியா?" ஒருதடவை தும்மல் வந்து பதில் சொல்ல ஒரு மூச்சு தாமதமாயிற்று. உடனே மெஷினை அணைத்துவிட்டீர்கள். இருட்டில் உங்கள் குரல் உடைந்து வந்தது. "தும்மல்தாங்க, தும்மல்" என்று நான் கத்தினேன். மறுபடி மெஷினைப் போட உங்களுக்கு நேரம் பிடித்தது. நானும் அவசரப்படுத்தவில்லை. ஷீல்டுக்குள் அழுதுகொண்டிருந்தேன். பயத்தில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் இங்கே ஒரு வருஷம், அங்கே இரண்டு வருஷம் என்று போய்வருகிறீர்கள். போகும்போது வீட்டைப் பார்த்துக்கோ, மெஷினைப் பார்த்துக்கோ, அக்காவைப் பார்த்துக்கோ என்பீர்கள். நான் இருக்கிறேனா என்று யாரும் என்னை இத்தனை தடவை கேட்டது கிடையாது.

தொட்டி இன்றுவரை ஒழுகவில்லை. மேஸ்திரி தெருவில் பார்த்தால் நின்று பேசுகிறார். தலைமையாசிரியை சைக்கிள் நிறுத்த ஒரு கூரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வெட்டவெளி வேலை, இறங்குகிற வேலை இல்லை, ஆகவே கவலைப்படாதீர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று பஸ்ஸில் ஏறிக்கொண்டே சொன்னீர்கள். இந்தத் தடவை நான் அதை நம்புகிறேன். ஹோல்டரைத் தொடவேண்டாம். எனக்கு அளவு எடுக்கத் தெரியும், வெட்டத் தெரியும், பற்றவைக்கத் தெரியும். பக்கத்தில் நிற்கத்தான் ஆள் இல்லை.

நீங்கள் போன மறுநாள் பட்டறையைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன். முதல் ராடு தீர்ந்தது. ஷீல்டைத் தூக்கினேன். தெருவில் யாரோ போனார்கள். திரை காற்றில் ஆடியது. புது ராடு மாட்டினேன். பிறகு, யாரும் கேட்காவிட்டாலும், "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பற்றவைத்தேன். இப்போது ஒவ்வொரு ராடுக்கும் சொல்கிறேன். பழகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி